தாழ்ந்த காரும் உயர்ந்த மலையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தரைக்கும் மூக்குக்கும் இடையே அரைச் சாண் அளவே இடைவெளி உள்ள ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்த 14 வளைவுகளிலும் கீறல் விழாமல் ஏறிவிடுகின்றன. பர்லியார், காட்டேரி, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி எல்லாம் தாண்டி ஊட்டிக்குள் நுழைந்து, அறை எடுத்திருக்கும் காட்டேஜின் வாசலில் திரும்பும்போதுதான் 'கரக்' என்று சத்தம் கேட்கிறது. இரண்டாயிரம் மீட்டர் மலை ஏறியபோது படாத அடி, இரண்டு மீட்டர் வாசல் ஏறியபோது பட்டுவிட்டது.

காரணம் எளிது, ஆனால் பலரும் அதைத் தவறாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். "செங்குத்தான ஏற்றம், அதான் இடிச்சிருச்சு" என்பார்கள். ஏற்றத்துக்கும் இடிபடுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரே சீராக 20 டிகிரி சாய்ந்த ஒரு சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன்மேல் நிற்கும் காரின் நான்கு சக்கரங்களும் ஒரே தளத்தில் இருக்கும். பம்பரும் அந்தத் தளத்துக்கு மேலே, சமதரையில் எவ்வளவு உயரத்தில் இருந்ததோ ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும். காருக்குச் சரிவு ஒரு பொருட்டல்ல. சரிவு மாறுகிற இடம்தான் எமன். நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கொள்ளலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டப் பாதையில் அது 12.5 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆசியாவிலேயே மிகச் செங்குத்தான ரயில் பாதை என்று புகழ்பெற்ற அந்த ஏற்றத்தை டிகிரியில் சொன்னால் 4.6தான். ஊட்டியில் வீட்டு வாசல்களில் சிமென்ட் பூசிப் போட்டிருக்கும் சரிவு பலவும் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் செங்குத்து. அதுவும் சாலை முடிந்த இடத்தில், முன்னறிவிப்பே இல்லாமல், சட்டென்று ஆரம்பிக்கும்.

ஒரு கார் எந்த அளவு மாற்றத்தைத் தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை அணுகு கோணம் என்பார்கள். முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து பம்பரின் அடிவிளிம்புக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள கோணமே அது. தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பம்பர் விளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்திலும், முன்சக்கரத்தின் மையத்திலிருந்து 95 செ.மீ. முன்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோணம் 7.2 டிகிரி வரும். இதே நீலகிரியில் எஸ்டேட் பாதைகளில் ஓடும் வண்டிகளைப் பாருங்கள். மஹிந்திரா தாரின் அணுகு கோணம் ஏறக்குறைய 41 டிகிரி. அதன் பம்பர் உயரமாக இருப்பது மட்டும் காரணமல்ல. சக்கரத்துக்கு முன்னால் மூக்கே கிடையாது. ஸ்போர்ட்ஸ் காருக்குத் தாழ்வு ஒரு கஷ்டம் என்றால், நீளம் இன்னொரு கஷ்டம். "கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு?" என்று மட்டும் விசாரித்து வண்டி வாங்குபவர்கள் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது அந்த வாசலை நெருங்கிப் பார்ப்போம். மலைச்சாலைகளில் பல இடங்களில் சாலையின் மேற்பரப்பு மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். மழைநீர் பள்ளத்துப் பக்கம் வழிந்து சாலையோரத்தை அரித்துவிடாமல், மலையடி ஓரமாக ஓடும் வடிகாலில் விழவேண்டும் என்பதற்காக. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் ஊர். வடிகால் இல்லாமல் சாலை நிற்காது. மலைப்பக்க வீட்டுக்குள் கார் போகவேண்டுமென்றால் முதலில் வடிகாலை நோக்கிக் கொஞ்சம் இறங்கி, அதன்மேல் போட்ட கல்பலகையையோ இரும்புச் சட்டத்தையோ கடந்து, உடனே ஏறவேண்டும். சாலையின் சாய்வு 40-க்கு 1 என்றால் 1.4 டிகிரி இறக்கம். வாசல் சரிவு 5-க்கு 1 என்றால் 11.3 டிகிரி ஏற்றம். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, கூடுகின்றன. மொத்த மாற்றம் 12.7 டிகிரி. காரிடம் இருப்பதோ 7.2. மீதி ஐந்தரை டிகிரியைப் பம்பர்தான் தன் தோலைக் கொடுத்துச் சமாளிக்கிறது.

மூக்கு தப்பித்தாலும் விஷயம் முடிவதில்லை. சரிவின் உச்சியில், ஏற்றம் முடிந்து முற்றம் சமமாகும் இடத்தில், முன்சக்கரங்கள் மேலே போய்விடும், பின்சக்கரங்கள் இன்னும் கீழே இருக்கும். நடுவில் அந்த முகடு காரின் வயிற்றைத் தொடப் பார்க்கும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர், வயிறு தரையிலிருந்து 12 செ.மீ. என்றால் பத்தரை டிகிரி மாற்றம்வரை தாங்கும். 11.3 டிகிரி முகட்டில் அதுவும் தட்டும். பள்ளத்துப் பக்க வீடுகளில் வரிசை தலைகீழ்: நுழையும்போது வயிறு, கீழே போய்ச் சமதரையைத் தொடும்போது மூக்கு.

ஊட்டி காட்டேஜ்களின் காவலாளிகளுக்கு இந்தக் கோணமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வண்டியைப் பார்த்ததுமே கையை ஆட்டி, "நேரா ஏத்தாதீங்ணா, கொஞ்சம் ஒடிச்சு ஏத்துங்ணா" என்பார்கள். அந்த 'ஒடிச்சு' என்ற ஒரு சொல்லுக்குள் நல்ல வடிவியல் இருக்கிறது.

நேராகப் போகும்போது சரிவை முதலில் சந்திப்பது பம்பரின் நடுப்பகுதி. அதுதான் காரில் மிகவும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம். ஸ்போர்ட்ஸ் காரை மேலிருந்து பார்த்தால் அதன் மூக்கு வளைந்திருப்பது தெரியும்; நடு முன்னாலும், இரு ஓரங்களும் பின்வாங்கியும் இருக்கும். சரிவின் கோட்டுக்கு 45 டிகிரி சாய்வாக அணுகினால் முதலில் சரிவுக்கு வருவது ஒரு ஓரம் மட்டுமே. அந்த ஓரத்துக்கும் அதன் பின்னாலுள்ள சக்கரத்துக்கும் உள்ள தூரம், சரிவை நோக்கி நேர்குத்தாக அளந்தால், 50 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். 12 செ.மீ. உயரத்துக்கு 50 செ.மீ. நீளம் என்றால் கோணம் 13.5 டிகிரி. நமக்குத் தேவை 12.7. பம்பர் ஒரு மில்லிமீட்டர்கூட உயரவில்லை, ஸ்பிரிங் மாற்றவில்லை, காசு செலவாகவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதில் ஆறு டிகிரிக்கு மேல் லாபம். ஒரு சக்கரம் ஏறியதும் அந்தப் பக்கம் முழுவதும் உயர்ந்து, மூக்கின் நடுப்பகுதியையும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளும்.

இதற்கு விலை ஒன்று உண்டு. சாய்வாக ஏறவேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகித்தான் திரும்பவேண்டும். அரசுப் பேருந்து எப்போது வேண்டுமானாலும் வளைவில் தோன்றக்கூடிய ஊரில் அது விளையாட்டல்ல. ஒருவர் இறங்கி நின்று இரு பக்கமும் பார்த்துச் சொல்லாமல் இதைச் செய்யக்கூடாது. பம்பரைக் காப்பாற்றப்போய்க் கதவைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கொண்டை ஊசி வளைவிலும் இதே வடிவியலின் வேறொரு முகம் இருக்கிறது. வளைவின் உள்ளோரமும் வெளியோரமும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன, ஆனால் உள்ளோரம் குறைந்த தூரத்தில் ஏறிமுடிக்க வேண்டும். உள் ஆரம் 6 மீட்டர், வெளி ஆரம் 12 மீட்டர் உள்ள அரைவட்ட வளைவில் சாலை ஒன்றரை மீட்டர் ஏறுகிறது என்றால், உள்ளோரத்தில் சரிவு ஏறக்குறைய 12.5-க்கு 1, வெளியோரத்தில் 25-க்கு 1. பாதிக்குப் பாதி. இந்தியச் சாலைப் பேரவையின் மலைச்சாலை விதிகள் கொண்டை ஊசியின் உள் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக்கூடாது, வளைவுக்குள் சரிவு 40-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது என்கின்றன. ஆனால் மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் வெட்டிய தடங்கள் இந்த விதிகளுக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டவை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருப்பது பம்பருக்காக அல்ல, உயிருக்காக. குறுகிய வளைவின் உள்ளோரத்தில் ஒரு முன்சக்கரம் மேலேயும் ஒன்று கீழேயுமாக வண்டி முறுக்கிக்கொள்ளும். தாழ்ந்த கார் தன் பக்கத்துக்குள்ளேயே எவ்வளவு வெளியோரமாகப் போகமுடியுமோ அவ்வளவு நல்லது.

அடுத்தது வேகத்தடை. அதற்கு ஒரு நோபல் பரிசாளரின் சம்பந்தம் இருப்பது பலருக்கும் தெரியாது. ஒளித்துகள் எலெக்ட்ரானில் மோதிச் சிதறுவதைக் கண்டுபிடித்து 1927-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஆர்தர் ஹோலி காம்ப்டன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, வளாகத்துக்குள் வேகமாகப் போகும் வண்டிகளைக் கண்டு எரிச்சலடைந்து, 1953-இல் அவற்றை அடக்க மேடுகளை வடிவமைத்தார். அதே காம்ப்டன் அண்டக்கதிர்களை உலகம் முழுக்க அளந்து, அவற்றின் அளவு புவியின் அட்சரேகையைப் பொறுத்து மாறுவதைக் காட்டியவர். அண்டக்கதிர்களை இன்றும் விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் ஊட்டியில்தான் இருக்கிறது. ஊட்டியில் வேகத்தடையில் வண்டியை இடித்துக்கொள்பவர் காம்ப்டனின் இரண்டு வேலைகளுக்கும் நடுவில் நிற்கிறார் என்று சொல்லலாம்.

பிறகு 1970-களில் பிரிட்டனின் சாலை ஆய்வகம் பல வடிவங்களைச் சோதித்து, 12 அடி நீளமும் 4 அங்குல உயரமும் உள்ள வட்டவில் மேட்டைப் பரிந்துரைத்தது. நம் சாலைப் பேரவை 1988-இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர், கடக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ. நம் மாதிரிக் காரை இதன்மேல் ஏற்றிப் பார்ப்போம். முன்சக்கரம் மேட்டின் ஓரத்தைத் தொடும் கணத்தில் பம்பர் விளிம்பு 95 செ.மீ. உள்ளே இருக்கும். அந்த இடத்தில் மேட்டின் உயரம் 7.6 செ.மீ. பம்பர் 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. நடுவில் 4.4 செ.மீ. மிச்சம். ஆக, விதிப்படி போட்ட வேகத்தடை ஸ்போர்ட்ஸ் காரைக்கூட ஒன்றும் செய்வதில்லை.

உரசுவது, ஒரு ராத்திரியில் அரை மூட்டை சிமென்ட்டில் எழும்பிய வேகத்தடை. அகலம் இரண்டு அடி, உயரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 12 செ.மீ. உயரத்திலுள்ள மூக்கு சக்கரத்துக்கு முன்பே போய் மோதிவிடும். நேராகப் போனாலும் மோதும், ஒடித்துப் போனாலும் மோதும். அங்கே ஓட்டுநரின் திறமைக்கு வேலையில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போகலாம், அல்லது மூக்கையாவது காப்பாற்றச் சக்கரத்துக்குக் கீழே பலகை போடலாம். தேயிலை எஸ்டேட்டில் லாரி ஏற்றுபவர்கள் வைத்திருக்கும் மாதிரி, ஒன்றரை மீட்டர் நீளமும் 5 செ.மீ. கனமும் உள்ள இரண்டு பலகைகளை மேட்டுக்கு முன்னால் வைத்தால், மூக்கு மேட்டை அடைவதற்கு முன்பே முன்சக்கரங்கள் 5 செ.மீ. உயர்ந்திருக்கும், மூக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்திருக்கும்.

நல்ல வேகத்தடையிலும் இடித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: பயந்துபோய்க் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதிப்பது. 1,500 கிலோ எடையுள்ள கார் ஓரளவு பலமாகப் பிரேக் பிடித்தால், பின்சக்கரங்கள் சுமந்துகொண்டிருந்த எடையில் ஏறக்குறைய 140 கிலோ முன்சக்கரங்களுக்கு மாறும். இரண்டு ஆட்கள் பானட்டின்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல. முன் ஸ்பிரிங் அமுங்கும், பின் ஸ்பிரிங் எழும்பும், மூக்கு இரண்டு மூன்று செ.மீ. தாழும். 12 செ.மீ. ஒன்பதரை ஆகிவிட்டால் அணுகு கோணம் 7.2-லிருந்து 5.7 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மேட்டின்மேல் மிச்சமிருந்த 4.4 செ.மீ.யும் பாதிக்குக் கீழே போய்விடும். உரசிவிடுமோ என்ற பயமே உரசலுக்குக் காரணமாகிறது. பிரேக்கை எல்லாம் மேட்டுக்கு முன்பே முடித்துக்கொண்டு, சக்கரம் ஏறும் கணத்தில் காலை எடுத்துவிடவேண்டும். எடுத்ததும் மூக்கு தானாக எழும்பும்.

ஏறும்போது தப்பித்து, இறங்கிய பிறகு இடிபடுவதும் உண்டு. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் கார் ஒரு முறை எழும்பி அமுங்க அரை வினாடிக்குச் சற்று அதிகமாகும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அந்த நேரத்துக்குள் வண்டி சுமார் மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். மேட்டில் எழும்பிய மூக்கு, மேடு முடிந்து சமதரை வரும் நேரம் பார்த்துக் கீழே வரும். அடுத்தடுத்து இரண்டு வேகத்தடை போட்டிருந்தால் முதலாவதின் ஊசலாட்டம் இரண்டாவதில் போய்ச் சேர்ந்துகொள்ளும். தாழ்ந்த வண்டிக்கு நடை வேகமே சரி. பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

இவ்வளவு தொல்லை தரும் மூக்கை எதற்காக இவ்வளவு கீழே வைக்கிறார்கள்? காற்றுக்காக. வேகமாக ஓடும் காரின் அடியில் புகும் காற்றைக் குறைத்தால், அல்லது அதை இன்னும் வேகமாக ஓடவைத்தால், அங்கே அழுத்தம் குறையும். மேலே உள்ள காற்று காரைத் தரையோடு சேர்த்து அழுத்தும். 1970-களின் பிற்பகுதியில் லோட்டஸ் குழு இதை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முழுமையாகப் பயன்படுத்தியது. 1978-இல் மரியோ ஆண்ட்ரெட்டி லோட்டஸ் 79-இல் உலகச் சாம்பியன் ஆனார். மலைக்குக் கீழே, கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் கார்களும் தரையோடு தரையாகத்தான் போகின்றன. ஆனால் அங்கே வடிகாலும் கிடையாது, காட்டேஜ் வாசலும் கிடையாது. காற்றின் இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் 25-இல் ஒரு பங்குதான் 30 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். நீலகிரி மலைப்பாதையில் 30-க்கு மேல் போக நியாயமே இல்லை. அங்கே பம்பரின் அடியில் முன்னால் நீளும் 'ஸ்ப்ளிட்டர்' தகடு வெறும் நகை. பம்பருக்குக் கீழே கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் கறுப்பு லிப்புக்கும் இதுவே தீர்ப்பு: அழகுக்காகப் போட்டிருந்தால், அழகுக்கு ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நவீன ஸ்போர்ட்ஸ் கார்களில் மூக்கைத் தூக்கும் வசதி வந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் முன் சஸ்பென்ஷன் ஹைட்ராலிக் அழுத்தத்தில் நீண்டு, முன்பகுதியைச் சில வினாடிகளில் சுமார் 4 செ.மீ. உயர்த்தும். இன்றைய போர்ஷே 911 வகைகள் சிலவற்றில் ஓர் இடத்தை ஒருமுறை நினைவில் ஏற்றிவிட்டால், அடுத்த முறை அந்த இடம் வந்ததும் செயற்கைக்கோள் உதவியோடு தானே தூக்கிக்கொள்ளும். ஓட்டுநர் காரின் உயரத்தை மாற்றும் வசதி புதியதல்ல, 1955-இலேயே சிட்ரோயன் டிஎஸ் காரில் இருந்தது. நம் மாதிரிக் காரில் 4 செ.மீ. தூக்கினால் கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை டிகிரி. காவலாளியின் 'ஒடிச்சு' தருவது ஆறு. இரண்டையும் சேர்த்துக்கொண்டால் ஊட்டியில் நுழையமுடியாத வாசல் அதிகம் இருக்காது.

மலை ஏறும்போது டயரில் காற்று மாறி வண்டி தாழுமா உயருமா என்று சிலர் கேட்பதுண்டு. மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவு. அதனால் டயரை அளக்கும் மீட்டர் 3 அதிகமாகக் காட்டவேண்டும். ஆனால் கீழே 33 டிகிரி வெயிலில் இருந்த டயர் மேலே 15 டிகிரி குளிரில் ஆறியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கி, அதே அளவு குறைந்துவிடும். கீழே 32 இருந்தால் மேலேயும் 32 பக்கம்தான். பம்பரின் உயரத்தை டயர் கெடுப்பதில்லை. அந்தப் பழியை அதன்மேல் போடவேண்டாம்.

இனி, உரசிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பம்பரின் தோல் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அதோடு செயற்கை ரப்பரும் டால்க் பொடியும் கலந்திருப்பார்கள். மோதினால் வளைந்துகொடுத்துத் திரும்பி வருவது அந்த ரப்பரால். தனிப் பாலிபுரோப்பிலீன், வெப்பம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது இறுகி, நொறுங்கும் குணத்துக்குப் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனிக் காலையில், ரப்பர் கலப்பு குறைந்த மலிவான மாற்றுப் பம்பர் மோதினால் வளைவதற்குப் பதிலாக விரிசல் விடும். கோவையில் வெயிலில் தட்டினால் குழிந்து நிமிரும் அதே பம்பர்தான். அந்த மாதங்களில் விடியற்காலையிலேயே வாசலில் இறங்காமல், வெயில் ஏறும்வரை வண்டியை நிறுத்திவைத்தால் நஷ்டமில்லை. கார்பன் ஃபைபர் ஸ்ப்ளிட்டருக்குக் குளிர் பெரிய விஷயமல்ல. அது எந்த வெப்பத்திலும் வளைவதில்லை, உடையத்தான் செய்யும்.

பெயிண்டின் கதை வேறு. பிளாஸ்டிக்கின்மேல் பிரைமர், நிறம், அதற்குமேல் கண்ணாடிபோன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் மில்லிமீட்டரில் ஏழெட்டில் ஒரு பங்குதான் கனம். எதிரே இருப்பது நீலகிரியின் கல். இந்த மலை சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. 250 கோடி ஆண்டுப் பழமை, உள்ளே குவார்ட்ஸ். குவார்ட்ஸுக்கு முன் எந்தப் பெயிண்டும் நிற்காது. பெயிண்டைக் காக்க மேலே ஒட்டும் பிபிஎஃப் படலம் பாலியூரித்தேனால் ஆனது, 0.15 முதல் 0.2 மி.மீ. கனம். லாரியின் பின்னால் போகும்போது தெறிக்கும் சிறுகல்லை அது வாங்கிக்கொள்ளும். மெல்லிய கீறல்களை வெந்நீர் பட்டாலே ஆற்றிக்கொள்ளும். சிமென்ட் விளிம்பில் ஒன்றரை டன் வண்டி தேய்வதை அது தடுக்காது. படலம் விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

கீழ் உரசலுக்குச் சரியான காவல், தேய்வதற்கென்றே ஒரு பொருளைக் கொடுப்பது. பம்பரின் அடிவிளிம்பில் கெட்டியான ரப்பர் அல்லது வழுக்கும் பாலிஎத்திலீன் பட்டையைத் திருகாணியால் பொருத்திவிட்டால், தேய்வது பட்டையாக இருக்கும். தேய்ந்ததும் கழற்றி வேறு போடலாம். பட்டையும் ஒன்றிரண்டு செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் உரசல் அதிகமாகும், சேதம் குறையும். பம்பருக்கு வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் மட்டும் கீறல் என்றால் பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்கும் வேலையே வேண்டாம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது; அடுத்த வாசலில் எப்படியும் போகப்போகிற பெயிண்ட்டுக்கு ஏன் செலவு? பார்க்கவேண்டியது வேறு: அடித்தட்டைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் திருகாணிகளும் கழன்றிருக்கின்றனவா, மூக்குக்குள் இருக்கும் ரேடியேட்டரிலோ ஏசி கண்டன்சரிலோ கசிவு இருக்கிறதா. தொங்கும் அடித்தட்டோடு மலை இறங்கினால் சக்கரம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கார்காரர் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி வேலை வாசல் கட்டுபவர் கையில். நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குச் சட்டென்று தாவுவதில்லை. நடுவில் ஒரு பரவளைவைப் போட்டு மாற்றத்தைப் பரப்பிவிடுகிறார்கள். அதனால்தான் 14 வளைவுகளிலும் மூக்கு தப்பித்தது. வாசலுக்குப் பரவளைவெல்லாம் வேண்டாம். 5-க்கு 1 சரிவின் அடியிலும் உச்சியிலும் 10-க்கு 1 சரிவாக ஒரு துண்டு போட்டால் போதும். ஒவ்வொரு துண்டும் 3 மீட்டர் நீளம் இருக்கட்டும். காரின் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடக் குறைந்தால், முன்சக்கரம் அடுத்த மாற்றத்துக்கு வரும்போது பின்சக்கரம் இன்னும் பழைய சரிவிலேயே இருக்கும், இரண்டு மாற்றங்களும் ஒன்றாகக் கூடிவிடும். இப்படிச் செய்தால் 12.7 டிகிரி அடி 7.1 ஆகவும் 5.6 ஆகவும் பிரிந்துவிடும். நம் காரின் எல்லை 7.2. உச்சியிலும் வயிறு தட்டாது.

ஒன்றரை மீட்டர் உயர முற்றத்துக்கு நேர்ச் சரிவு போட ஏழரை மீட்டர் நீளம் வேண்டும். இந்த முறையில் பத்தரை மீட்டர். ஊட்டியில் மூன்று மீட்டர் இடம் சும்மா கிடைப்பதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும், காட்டேஜ் கட்டுபவர்களே, அடுத்த முறை கொத்தனார் வாசல் சரிவுக்கு மட்டம் பிடிக்கும்போது அந்த மூன்று மீட்டரை விட்டுக்கொடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் வருடத்துக்கு ஒன்றிரண்டு வரலாம். சக்கர நாற்காலியும், கேஸ் சிலிண்டர் வண்டியும், ஆம்புலன்ஸும் அதே வாசலில்தான் ஏறவேண்டும்.